நடராஜா சர்வீஸ்

கேள்வி: இங்கிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகவே நண்பர்களுடன் நடந்து போகத் திட்டம். முதல் நெடுநடை இதுதான். பையில் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும்?
(வாசகர், சதுரங்கப்பட்டினம்)

பதில்: எதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று கேளுங்கள்! இரண்டாவது ஜீன்ஸ், புளூடூத் ஸ்பீக்கர், 'வழியில் படிக்க' வைத்த தடிப் புத்தகம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நல்லவேளை, தெற்கே போகிறீர்கள். வடக்கே மாமல்லபுரம் என்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம் குறுக்கே நிற்கும். டச்சுக்கோட்டையைத் தாண்டியதுமே காவலரிடம் 'டிரெக்கிங்' என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.

1930 ஏப்ரலில் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 15 நாளில் சுமார் 240 கிலோமீட்டர் நடந்தார். நாளுக்கு 16. அப்போது அவருக்கு வயது 51. உங்களுக்கும் அதே கணக்குதான். ஐந்தாறு நாள் ஒதுக்குங்கள். முதல் நாளே முப்பது நடந்தால் மறுநாள் பஸ்ஸில்தான் போவீர்கள்.

காய்ந்த மணல் காலை வாரும், ஈர மணலில் நடங்கள். பாலாற்று முகத்துவாரத்தில் இறங்கி வீரம் காட்ட வேண்டாம்; ஈசிஆர் பாலம் எதற்கு இருக்கிறது? மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. வேதாரண்யம் போனவர்களைப் போல ஒரு பிடி அள்ளிவிடாதீர்கள், இப்போது அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

புதுச் செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கடித்தே புதுச்சேரி சேர்க்கும்.