ரீசெட் பொத்தான் வைத்தியம்

பிளாஸ்டிக் கேன்களைக் காற்றூதி வார்க்கும் முழு மின்சார ப்ளோ மோல்டிங் மெஷின் வந்திறங்கியதும் முதலாளிக்கு ஒரே ஆனந்தம். ஹைட்ராலிக் ஆயில் இல்லை, ஒழுகல் இல்லை, தரையில் மரத்தூள் கொட்டும் வேலையும் இல்லை. "ஆயிலே இல்லைன்னா மெயின்டனன்ஸும் இல்லைதானே?" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். அச்சைத் திறந்து மூடும் பால் ஸ்க்ரூவுக்கு கிரீஸ் போடச் சொல்லும் மேனுவல், உறை பிரிக்காமல் அவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கேன் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வந்தால் உருகிய பிளாஸ்டிக்கைக் குழாயாகப் பிழியும் டையின் மையம் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஆட்கள் முதலில் ஹீட்டரைப் பத்து டிகிரி ஏற்றுவார்கள். உருகித் தொங்கும் குழாய் இன்னும் தளரும், அதன் மேல்பகுதி இன்னும் மெலியும். பிறகு பழி மூலப்பொருள் மேல். டையின் உதட்டில் ஒட்டியதைச் சுரண்டப் பித்தளைத் தகடு வேண்டும். கைக்கு எட்டுவதோ ஸ்க்ரூடிரைவர். அது போட்ட கீறல் அன்றுமுதல் எல்லாக் கேனிலும் கோடாக வரும். கம்பெனி முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரை ஓட்டும் சர்வோ டிரைவ் சூடேறி அலாரம் அடித்தால் ரீசெட். மறுபடி அடித்தால் மறுபடி ரீசெட். பொத்தானில் எழுத்தே தேய்ந்துவிட்டது. டிரைவ் இருக்கும் பேனலின் ஃபேன் ஃபில்டர் தூசியால் அடைத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆயுத பூஜையன்றும் சந்தனம், குங்குமம் பேனல் கதவுக்குத்தான்.

ஐயா, காற்றை ஊதியே பிழைக்கிற கம்பெனி இது. அந்த ஃபில்டரையும் வெளியே எடுத்துப் போய் ஒருமுறை ஊதிவிடுங்கள்.