யோசிச்சுச் சொல்றேன்

வாங்குவதற்கும் வாங்காமல் விடுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கேயே குடியிருக்கிறவரை நாயுடுபேட்டையில் தெருவுக்கு ஒருவராகப் பார்க்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பென்ஷன் வரும். கையில் ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கம் கொடுத்த பழைய டைரி. எதைப் பற்றிக் கேட்டாலும் “யோசிச்சுச் சொல்றேன்” என்பார். தெலுங்கில் கேட்டால் “ஆலோசிஞ்சி செப்தானு” என்பார். இரண்டு பாஷையிலும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ஊர் வாகும் அப்படி. சென்னையிலிருந்து நெல்லூருக்குப் போகிற நெடுஞ்சாலையில், காளஹஸ்தி, திருப்பதிப் பக்கம் சாலை பிரிகிற இடம் இது. மூன்று பக்கமும் போய் விசாரிக்க வசதி. 2022 ஏப்ரலில் அரசாங்கம் நாயுடுபேட்டையை நெல்லூர் மாவட்டத்திலிருந்து எடுத்துப் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தது. அவ்வளவு பெரிய முடிவை இவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க வேண்டாம் என்பது எங்கள் தெரு யோசனைக்காரரின் கருத்து.

ஏசி வாங்க மூன்று கோடைகள் விசாரித்தார். நான்காவது கோடையில் மருமகள் வாங்கி மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் அவர் படுப்பதில்லை, விசாரணை முடியவில்லையாம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் தண்ணீரில்லாமல் சமைக்கும் பாத்திரம் வந்தது. முழு செட் ஒரு லட்சம் ரூபாய். கொண்டுவந்தவன் அவர் மனைவியின் சின்னம்மா மகன். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதில்தான். கடைக்காரனிடம் “வேண்டாம்பா” என்று திரும்பி வந்துவிடலாம். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு அடுக்களைக்குள் வந்து, காய் நறுக்க உட்கார்ந்துவிட்டவனிடம் எப்படிச் சொல்வது?

யோசனைக்காரர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வாசலிலேயே நிறுத்தி, “ஐடி கார்டு இருக்கா தம்பி?” என்று கேட்டார். 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளைப் படித்து வைத்திருந்தார். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்காமலும் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அதில் இருப்பது நிஜம். ஆனால் மைத்துனன் முறையில் உள்ளவனிடம் அதை நீட்டலாமா என்பதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா சொன்னார்: “என் கல்யாணத்துல உங்களுக்குக் கால் கழுவினவன் அவன். அவன்கிட்ட கார்டு கேக்குறீங்களா?”

டெமோ பிரமாதம். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முட்டைகோசும் கேரட்டும் கழுவிய ஈரத்தோடு பாத்திரத்தில் விழுந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்தான். சிறிது நேரத்தில் மூடியின் விளிம்பில் ஆவி கசிந்து, நீர்ப்படலமாக நின்றது. தம்பி மூடியின் பிடியை ஒரு விரலால் சுண்டினான். அது கேரம் போர்டு காய் மாதிரி வழுக்கிச் சுற்றியது. “பாவகாரு, சீல் ஆயிடுச்சு. இனிமே சத்து வெளியே போகாது.” பக்கத்து வீட்டு வதினாக்கள் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். எண்ணெயில்லாத கோழி வந்தது. அடுப்பு மேலேயே கேக் வெந்தது. யோசனைக்காரர் எல்லாவற்றையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். முதல் முறை ருசிக்கு, இரண்டாவது முறை உறுதி செய்துகொள்ள.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முட்டைகோசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அடி கனமாக, மூடி இறுக்கமாக, தீ சின்னதாக இருந்தால் காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும்.

பிறகு சோடா உப்புச் சோதனை. வீட்டு அலுமினியக் கிண்ணம் ஒன்றிலும் தன் பாத்திரத்திலும் தண்ணீர் வைத்து, சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டையும் குடித்துப் பார்க்கச் சொன்னான். அலுமினியத் தண்ணீரைக் குடித்த வதினா முகம் கோணினார். “இவ்வளவு நாளா இந்த விஷத்தைத்தான் சாப்பிட்டுட்டு இருக்கோம்.” சோடா உப்பு காரம், காரம் பட்டால் அலுமினியம் கரையும். தம்பி அந்தப் பாதியைச் சொல்லவில்லை. அம்மா மட்டும் கேட்டார்: “நம்ம வீட்டுல யாருடா சோடா உப்பைக் கொதிக்கவெச்சுக் குடிக்கிறது? புளி சேர்ந்தாலும் அலுமினியத்துக்கு ஆகாதுதான். அதுக்குத்தான் மீன் புலுசுக்கு மண்சட்டி வெச்சிருக்கேன்.”

மறுநாள் விசாரணை தொடங்கியது. முதலில் ஸ்டீல். “ஆபரேஷன் தியேட்டர் ஸ்டீல், ராக்கெட் ஸ்டீல்” என்று தம்பி சொல்லியிருந்தான். மாடியில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தெரிகிற ஊரில் இப்படிச் சொல்லலாமா? யோசனைக்காரர் ரயிலேறி சூளூர்பேட்டைக்குப் போய், ஏவுதளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்தார். அவர் பொறுமையாகச் சொன்னார். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 என்றால் கூடவே 2 சதவீதம் போல மாலிப்டினம். கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் அரிக்காமல் இருக்க. “நீங்க பழவேற்காட்டுல பாத்திரத்தை ஊறப்போடப் போறீங்களா?” கடைசியாக ஒரு போடு போட்டார்: ஸ்டீல் சூட்டைச் சரியாகக் கடத்தாது, அலுமினியம் அதைவிடப் பதினைந்து மடங்கு கடத்தும். அதனால் இந்தப் பாத்திரங்களின் வயிற்றுக்குள், இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே வைத்திருப்பது அலுமினியத்தைத்தான்.

யோசனைக்காரர் டைரியில் “அலுமினியம்!!” என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அடுத்தது காஸ் கணக்கு. சிலிண்டர் தொள்ளாயிரம் ரூபாய், மாதம் ஒன்று. தம்பி சொன்ன மூன்றில் ஒரு பங்கு மிச்சத்தை அப்படியே ஒப்புக்கொண்டார். மாதம் 300, வருஷம் 3,600. போட்ட லட்சம் திரும்பிவர 27 வருஷம் 9 மாதம். அவருக்கு இப்போது 64. “தொண்ணூத்திரண்டு வயசுல இருந்து லாபம்” என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

இதற்குள் காளஹஸ்தியில் ஒரு பாத்திரக்கடை, பெரம்பூரில் ஒரு ஷட்டகர், நெல்லூரில் ஒரு டாக்டர் என்று விசாரணை விரிந்துவிட்டது. அவர் முகத்தில் இப்படியொரு பொலிவை ஏசி காலத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்ததில்லை. வாங்கிவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும். வேண்டாம் என்று சொன்னாலும் நின்றுவிடும். ஆகவே இரண்டையும் செய்யவில்லை.

விஷயத்தை முடித்தது அம்மாதான், கீரை ஆய்ந்துகொண்டே.

“சத்து தண்ணியில போயிடும்னு சொல்றானே, நான் எந்தத் தண்ணியைக் கொட்டுறேன்? கீரை வெந்த தண்ணி பப்புலயே கடையுது. பருப்புக் கட்டு சாருக்குப் போகுது. கஞ்சியை வடிச்சா அதுலயும் உப்பும் மோரும் போட்டு நீங்கதான் குடிக்கிறீங்க.”

யோசனைக்காரருக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை. எனக்கும்தான் அதற்கு முன் தோன்றியதில்லை. இந்தப் பாத்திரமும், வீட்டுக்கு வந்து விருந்து சமைத்து விற்கிற வழக்கமும் அமெரிக்காவில் வேர்விட்டவை; டெக்சாசின் சாலட்மாஸ்டர் கம்பெனி 1946-லேயே தொடங்கியது. அங்கே காயைக் குடம் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருந்தது. வைட்டமின் சி-யும் பி வகைகளும் அதோடு போகும். அவர்களுக்கு இது நியாயமான மருந்து. சாம்பார் வைக்கிற வீட்டில் அந்த நோயே கிடையாது. போதாததற்கு, நம் அடுப்பில் முக்கால்வாசி நேரம் இருப்பது அரிசியும் பருப்பும். அவை காய்ந்த தானியங்கள். எந்த ஊர்ப் பாத்திரமானாலும் தண்ணீர் ஊற்றித்தான் ஆகவேண்டும்.

சொன்னதோடு அம்மா நிற்கவில்லை. அடி கனத்த பழைய வாணலியில் பீர்க்கங்காயைப் போட்டார். உப்பும் மஞ்சளும் தூவி, குழிவான தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். மேலே குளிர்ந்திருக்கிற தட்டில் உள்ளேயிருந்து வரும் ஆவி பட்டு, சொட்டுச் சொட்டாகக் காயிலேயே விழும். கறிக்குள் ஒரு துளித் தண்ணீர் போகவில்லை. தம்பி அதில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கேட்லாக்கை மடித்துப் பைக்குள் வைத்தான்.

செட் வீணாகவில்லை. பக்கத்து வீட்டு வதினா மாதத் தவணையில் வாங்கினார். இப்போது அது ஹால் ஷோகேசில், வெங்கடகிரிப் புடவை கட்டிய கொலு பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சம்பந்தி வந்தால் இறக்குவார்கள்.

தம்பி கம்பெனி மாறிவிட்டான். போன மாதம் வந்தபோது கையில் வேறொரு கேட்லாக். தண்ணீரைக் காரத்தன்மையுள்ளதாக்கிக் கொடுக்கும் இயந்திரம். தண்ணீரே வேண்டாம் என்றவன் இப்போது ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறான். யோசனைக்காரர் டைரியைப் புரட்டி, பாத்திரக் கணக்கு முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போட்டார்.

என்னைக் கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. தண்ணீரில்லாச் சமையல் பொய்யில்லை, விலைதான் பொய். நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு ஸ்டீல் வாணலி, பொருத்தமான மூடியோடு, மூவாயிரம் நாலாயிரத்துக்குப் பாத்திரக்கடையிலேயே கிடைக்கும். ஒன்று வாங்கினால் போதும். மைத்துனன் டெமோவுக்கு வந்தால் தடுக்காதீர்கள்; கோழி நன்றாகத்தான் இருக்கும்.