யானை மார்க் சோடா மூடி

இங்கிலாந்தில் படிக்கிற மருமகன் லீவுக்கு வந்திருந்தான். சொக்லட் பெட்டி வெளியே வரும் என்று வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்க, அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைப் பூதத்தை எடுத்து மேசையில் வைத்தான். பெருவிரல் உயரம். கையில் கோடரி, கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல், இடுப்பில் தொங்கும் ஒரு மண்டையோடு. அந்த மண்டையோட்டின் கண்குழிக்குள்ளும் கறுப்பு மை தொட்டிருந்தான்.

"பொம்மையா மகன்?" என்று உம்மா கேட்டா.

"பொம்மை இல்ல உம்மம்மா, மினியேச்சர்."

விலையைக் கேட்டேன். சொன்னான். உம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

விசயம் இதுதான். வார்ஹாமர் என்று ஒரு யுத்த விளையாட்டு. 1983இல் இங்கிலாந்தில் தொடங்கியது. பூதங்களை வாங்கி, ஒட்டி, வர்ணம் பூசி, மேசையில் படை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்க வேண்டும். 2010க்குள் எட்டு எடிசன் வந்துவிட்டது. ஒவ்வொரு எடிசனுக்கும் புது விதிப் புத்தகம். போன எடிசனில் சிங்கமாக இருந்த படை அடுத்த எடிசனில் பூனை. 2015இல் கொம்பனி அந்தக் கற்பனை உலகத்தையே அழித்துவிட்டு வேறொரு விளையாட்டை இறக்கியது. அதன் முதல் விதிகளில் ஒன்று: இன்ன வீரனை வைத்து ஆடும்போது உன் மீசை எதிராளியின் மீசையை விடப் பெரிதாக இருந்தால், தாயக்கட்டையை மறுபடி உருட்டலாம். சத்தியமாக அச்சில் வந்த விதி. மறுகா 2024இல், அழித்த பழைய உலகத்தைத் தூசு தட்டித் திரும்பவும் விற்கத் தொடங்கினார்கள்.

அவனுடைய கூட்டாளிமாரில் ஒருவன் 1987இல் வந்த மூன்றாம் எடிசன்தான் தங்கம் என்கிறானாம். இன்னொருவன் ஆறாவதுக்கு உயிரையும் கொடுப்பானாம். இவனுக்கு மீசையே இன்னும் முளைத்து முடியவில்லை.

"எந்த எடிசனைச் சேர்க்கிற மாமா?"

"உனக்கு வந்திருப்பது புது வருத்தம் இல்லை மகன்" என்றேன். "ஆயிரத்து நானூறு வருசப் பழசு. சாரனைக் கட்டு, கடைக்குப் போவம்."

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் வடக்கு விளிம்பு. இதற்கு மேலே போனால் மட்டக்களப்பு மாவட்டம். கல்முனை வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் ஒரு செஸ் பலகை கிடக்கிறது. கறுப்பு யானை ஒன்று தொலைந்து பல வருசம். அதன் இடத்தில் ஒரு சோடா மூடி நிற்கும். யானை மார்க் சோடா. யோசித்துப் பார்த்தால், அந்தப் பலகையில் யானைப் படம் உள்ள ஒரே காய் அதுதான்; மற்ற மூன்று யானைகளும் கோட்டைக் கொத்தளம் மாதிரி இருக்கின்றன.

பிளேன்டீ வரும் வரைக்கும் கதையைத் தொடங்கினேன்.

முதலாம் எடிசனின் உரிமை யாருடையது? வட இந்தியர் தங்களுடையது என்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் சதுரங்கத்தின் பெயர் வருவது அவர்களுக்குச் சாட்சி. ஆனால் எங்களிடம் அதைவிட உறுதியான, அதாவது நிரூபிக்கவே முடியாத, ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை எழுதி வைத்தார்: இராமர் படை இலங்கையை முற்றுகையிட்டுக் கிடந்தபோது, இராவணனின் பெண்சாதி தன் புருசனின் பொழுதுபோக்குக்காக இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாளாம். வெளியே மதிலில் குரங்குகள். உள்ளே மனிசன் பத்துத் தலையையும் சொறிந்துகொண்டு நடக்கிறான். அந்த மனிசிக்கு என்ன செய்ய? "இந்தாங்க, இந்த யுத்தத்தையாவது வெல்லுங்க" என்று பலகையைப் போட்டிருப்பாள். உலகத்தின் முதல் விதிப் புத்தகத்தை எழுதியவள் இலங்கைக்காரி. ஒரு சதம் ரோயல்டி வரவில்லை.

முற்றுகைக்கும் இந்த விளையாட்டுக்கும் ஏதோ வாரப்பாடு இருக்கிறது. 813இல் பக்தாத் நகரம் முற்றுகையில். கலீபா அல் அமீன் பலகைக்கு முன்னால். நகரம் விழப்போகிறது என்று ஆள் ஓடி வந்து சொல்ல, "பொறு, இன்னும் இரண்டு நகர்த்தலில் மாத்து" என்ற மாதிரிக் கைகாட்டினாராம் என்று ஒரு கதை. அந்த ஆட்டத்தில் வென்றாரோ தெரியாது. பக்தாத் போயிற்று, தலையும் போயிற்று.

அவர் ஆடியது இரண்டாம் எடிசன், பெயர் ஷத்ரஞ். இந்தியாவில் இருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரபிகளிடம் வந்தது. பொறுமைசாலிகளுக்கான எடிசன். இராசாவுக்குப் பக்கத்தில் நிற்பது ராணி இல்லை, மந்திரி. மூலைவாட்டில் ஒரேயொரு வீடு நகர்வார். எங்கள் காலத்து மந்திரிமாரை விட அது எவ்வளவோ மேல் என்று கடைக்காரக் காக்கா இடையில் சொன்னார். யானை மூலைவாட்டில் ஒரு வீடு தாண்டிக் குதிக்கும். அவ்வளவுதான் அதன் திறமை. கணக்குப் போட்டால், 64 வீட்டில் ஒரு யானை தன் ஆயுள் முழுக்க எட்டு வீட்டுக்குத்தான் போகலாம். பலகையில் நாலு யானை. ஒன்று போகும் வீட்டுக்கு மற்றது போகாது. இந்தப் பக்கத்து யானையும் அந்தப் பக்கத்து யானையும் கியாமத்து வரைக்கும் மோதிக்கொள்ளாது.

கடையில் இருந்த வேளாண்மைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். மேற்கே அவருக்கு வயல். இரவில் யானைவெடியோடு காவல் கிடக்கிறவர். "இந்த விதியை எழுதினவன் யானையைக் கண்டிருக்க மாட்டான் தம்பி. யானை நேராத்தான் வரும். வேலி எண்டும் பார்க்காது, வரம்பு எண்டும் பார்க்காது." பின்னாளில் தமிழில் மூலைக் காய்க்கு யானை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தானோ என்னவோ. பழைய கணக்குப்படி மூலையில் நின்றது தேர். எங்கள் ஆட்கள் யானையைக் கொண்டுபோய் நேர் பாதையில் விட்டுவிட்டார்கள். அனுபவஸ்தர்கள் செய்த திருத்தம்.

ஷத்ரஞ் மெதுவாகத்தான் நகரும். கல்முனையில் ஆள் சேருமட்டும் காத்து நிற்கிற பஸ் மாதிரி. இரண்டு படையும் முட்டிக்கொள்ளவே நேரம் போகும் என்பதால், பெரிய ஆட்டக்காரர்கள் படை நகர்ந்து முடிந்த நிலையிலிருந்தே தொடங்குவார்கள். பத்தாம் நூற்றாண்டில் அஸ்ஸூலி என்று ஒரு மன்னன், பலகைக்கு மன்னன். அவர் போட்டுவிட்டுப் போன ஒரு புதிரை அவிழ்க்க ஆயிரம் வருசம் எடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் அவெர்பாக் என்ற ரஷ்யக் கிராண்ட்மாஸ்டர்தான் அவிழ்த்தார். பழைய எடிசன் பைத்தியம் என்றால் அதுதான் மகன், உன் கூட்டாளிமார் எல்லாம் அலிப் பே.

இந்த எடிசனுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு மவுசும் உண்டு. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர். மற்ற மத்ஹபுகளின் அறிஞர்கள் பலர் கூடவே கூடாது என்று கதவைச் சாத்தியபோது, இமாம் ஷாஃபிஈ மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்ற அளவில் நின்றார்: சூது கூடாது, தொழுகை தவறக் கூடாது. அந்த நிபந்தனை இந்தக் கடையில் இன்றைக்கும் அமுலில் இருக்கிறது. அஸருக்கு பாங்கு சொன்னால் பலகையை விட்டு எழும்ப வேண்டும். முதலில் எழும்புகிறவன் எப்போதும் தோற்றுக்கொண்டிருக்கிறவன்தான். அவ்வளவு பக்தி.

மூன்றாம் எடிசனில்தான் கூத்து. சுமார் 1475, ஸ்பெயின் தேசத்து வலென்சியா பக்கம். ஐரோப்பாக்காரர் மந்திரியை ஏற்கனவே ராணி ஆக்கியிருந்தார்கள். ஆனால் நடை பழைய ஒரு வீட்டு நடைதான். திடீரென்று அந்த அம்மா எட்டுத் திசையும் எவ்வளவு தூரமும் பாயத் தொடங்கினாள். அந்த நேரம் பக்கத்துக் காஸ்டீல் சிம்மாசனத்தில் இருந்தவள் இசபெல்லா ராணி. அது தற்செயலா என்று இன்றைக்கும் பேராசிரியர்கள் அடிபடுகிறார்கள். ஐரோப்பாக் கிழடுகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இதற்கு "விசர் பிடித்த ராணியின் ஆட்டம்" என்று பெயர் வைத்தார்கள். உன் கூட்டாளி எட்டாம் எடிசனைத் திட்டுகிற அதே வயிற்றெரிச்சல். சில தேசங்களில் ஏற்கனவே பிஷப் ஆகியிருந்த யானைக்கும் தூரம் கூட்டிக் கொடுத்தார்கள். ஸ்பானியரோ அந்தக் காயை இன்னும் அரபுப் பெயரில் அல்ஃபில், அதாவது யானை, என்றுதான் கூப்பிடுகிறார்கள். முஸ்லிம்களைத் துரத்தினார்கள், யானையை வைத்துக்கொண்டார்கள்.

துரத்துகிற கதையில் நாங்களும் வருகிறோம். பக்கத்துத் தேசத்துப் போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையில் இறங்கி, போகப் போக அதே வேலையை இங்கேயும் செய்தார்கள். 1626இல் அவர்கள் விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி ராசா செனரத் இந்தக் கிழக்குக் கரையில் குடியேற்றினார் என்கிறது சரித்திரம். ஒரே நகர்த்தலில் நாலாயிரம் காலாள். இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தன் மூதாதை அதில் குதிரை என்பார். காலாளின் பேரப்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் எடிசன் மாறியதால் உண்மையில் அடிவாங்கிய மனிதன் ஒருவன் உண்டு. மீர் சுல்தான் கான், பஞ்சாப்காரர். அவர் பழகியது இந்திய எடிசன்: காலாள் முதல் நடையிலும் ஒரு வீடுதான், கோட்டை கட்டுவது கிடையாது, பதிலுக்கு ராசா ஒருதரம் குதிரை மாதிரிப் பாயலாம், கடைசி வீட்டுக்குப் போன காலாள் எந்தக் காயின் வரிசையில் போனதோ அந்தக் காயாகத்தான் மாறும். 1928இல் அகில இந்தியப் பட்டம். 1929இல் அவருடைய எசமான் சர் உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்குக் கூட்டிப்போனார். அங்கே வேறு எடிசன், வேறு குளிர். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, தடிமனோடும் மலேரியாவோடும் பலகைக்கு முன்னால் இருந்தார். அந்த வருசமே பிரிட்டிஷ் சம்பியன். 1932இலும் 33இலும் மறுபடியும். நடுவில் முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவையே விழுத்தினார். பிறகு எசமானோடு ஊருக்குத் திரும்பி, 1966இல் மௌத்தாகும்வரை சர்வதேசப் போட்டிப் பக்கமே போகவில்லை. செஸ் உலகச் சம்மேளனம் அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். உன் கொம்பனி பழைய உலகத்தைத் திரும்ப விற்ற அதே வருசம்.

"அப்ப சேர்க்கிறது?" மருமகன் விடவில்லை. "ஆடுறது ஒண்டு, சேர்க்கிறது ஒண்டு மாமா."

சேர்க்கிறதா? 1831இல் ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய காய்கள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டு வேலை. ராணி கன்னத்தில் கை வைத்து, அரிசிக்கடைக் கடனை நினைத்த மாதிரி இருக்கிறாள். மூலைக் காவலாளிகள் சிலர் பயத்தில் கேடயத்தைக் கடிக்கிறார்களோ கோபத்தில் கடிக்கிறார்களோ, பார்த்தால் பிடிபடாது. தொலைந்துபோன காயில் ஒன்றை 1964இல் எடின்பரோவில் ஒரு வியாபாரி ஐந்து பவுணுக்கு வாங்கி வீட்டில் போட்டு வைத்தார். 2019இல் ஏலத்தில் போனது 735,000 பவுணுக்கு. ஆகவே உன் உம்மாவிடம் சொல், இது செலவு இல்லை, முதலீடு என்று. எட்டு நூற்றாண்டு பொறுத்தால் போதும்.

இதற்குள் பலகை விரிந்துவிட்டது. காக்கா வெள்ளை. அவர் நடந்த பிறகு மருமகன் ராசாவுக்கு முன்னால் நின்ற காலாளை இரண்டு வீடு தள்ளினான்.

"இங்க ஒரு எட்டுத்தான் மகன்" என்றார் காக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"எந்த எடிசன் இது?"

"எங்கட வாப்பா சொல்லித் தந்தது."

காலாள் ஒரு வீடு பின்வாங்கியது. மருமகன் கொஞ்ச நேரம் சோடா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து பச்சைப் பூதத்தை எடுத்து அந்த மூலையில் நிறுத்தினான். கோடரியும் கோரைப்பல்லுமாக, பலகையிலேயே வடிவான காய்.

காக்கா அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண்டையோட்டைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பி அடியையும் பார்த்தார்.

"நல்ல வேலை. ஆனா இதில யானை இல்லையே" என்று சொல்லி, பூதத்தைச் சீனி டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூடியைத் திரும்ப அதன் வீட்டில் போட்டார்.