கிளிக்குக் காரம் தெரியாதா?

கேள்வி: தோட்டத்தில் பழுத்த மிளகாயைக் கிளி ரசித்துத் தின்கிறதே, அதற்குக் காரமே தெரியாதா?

பதில்: தெரியாது! காரத்துக்குக் காரணம் கேப்சைசின். அது பட்டதும் ‘நெருப்பு’ என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பி நமக்கும் உண்டு, பறவைக்கும் உண்டு. பறவையின் ஏற்பி மட்டும் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. எத்தனை மிளகாய் தின்றாலும் கிளி தண்ணீருக்கு ஓடாது.

செடிக்கும் இதில் லாபம்தான். நம்மைப் போலவே காரத்துக்கு அஞ்சி ஒதுங்கும் எலி தின்றால், அதன் கடைவாய்ப் பல் விதையை அரைத்துவிடும். பல்லில்லாத பறவையின் எச்சத்தில் விதை முழுசாக வந்து விழும்.

அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்த டியூக்ஸ்பரியும் நபானும் 2001-இல் இதை வெளியிட்டார்கள். எலிகள் தொடாத பழத்தை வளைந்த அலகுள்ள த்ராஷர் பறவைகள் விரும்பித் தின்றன. தின்றபின் வேறு பழப் புதர்களின் நிழலில் போய் எச்சமிட்டன. கொளுத்தும் பாலையில் மிளகாய் நாற்று பிழைப்பது அந்த நிழலில்தான்.