எதுக்கு ஃபுல் ஆக்சஸ்?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எந்தப் பெரிய ஐ.டி. அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இந்த ஆசாமி அகப்படுவார். உத்தியோகம் ஸ்டோரேஜ் அட்மின். கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் கிலோ முந்திரிக்கு ஆயிரம் கேள்வி கேட்பாரே ஒரு பெரியப்பா, அவருடைய கம்ப்யூட்டர் அவதாரம். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் வங்கியின் டேட்டா மொத்தமும் இவர் பொறுப்பில். பார்த்தால் தெரியாது. யாராவது ஆக்சஸ் கேட்டு வரும்போதுதான் சுயரூபம் வெளிப்படும்.

"அண்ணா, அந்த ஷேர்ல ஃபுல் ஆக்சஸ் வேணும்."

"எதுக்கு?"

"ஒரு எக்செல் ஷீட் பாக்கணும்ணா."

"பாக்கத்தானே? ரீட்-ஒன்லி போதும். டிக்கெட் போடுப்பா."

'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. 'டிக்கெட் போடு' என்பார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு 'மேனேஜர் அப்ரூவல் எங்கே' என்பார். கேட்டவனுக்கே அந்த எக்செல் ஷீட் மேல் ஆசை விட்டுப்போகும்.

அவருக்கு வேதம் இரண்டு. வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு துளி உரிமையும் தராதே என்று கணினி அறிஞர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-இல் எழுதியது ஒன்று. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் இருந்த ஃபெராயோலோவும் கூனும் 1992-இல் முன்வைத்த ரோல் முறை இன்னொன்று. இதை அவர் நம் ஊர்ப் பாஷையில் சொல்வார்: "ஆளுக்குக் குடுக்காதே, நாற்காலிக்குக் குடு. ஆள் எழுந்து போனா உரிமை நாற்காலியிலேயே இருக்கும்."

நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜில் அட்மின், பேக்கப், ரீட்-ஒன்லி என்று ரோல்கள் தயாராகவே இருக்கும். 'நன்' (none) என்றும் ஒரு ரோல் உண்டு. நிர்வாக உரிமை எதுவும் கிடையாது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தனிப் பரவசம். டெலிவரி மேனேஜர் கௌரவத்துக்காக அட்மின் ரோல் கேட்பார். இவர் ரீட்-ஒன்லியைக் கொடுத்துவிட்டு, "எல்லாமே உங்க ஸ்கிரீன்ல தெரியும் சார்" என்பார். மேனேஜருக்குப் பரம திருப்தி. எதையும் மாற்ற முடியாது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. மாற்ற முயன்றதும் இல்லை.

ஆடிட் நெருங்கும்போது மட்டும் அண்ணனுக்குத் தூக்கம் போய்விடும். யார் யாருக்கு என்னென்ன ஆக்சஸ் என்று பட்டியல் எடுத்து மேனேஜர்களுக்கு அனுப்புவார். இரண்டே நிமிஷத்தில் 'அனைத்தும் சரி' என்று பதில் வரும். அந்தப் பட்டியலில் வேலையை விட்டுப் போன ஒருவர் பெயரும் இருக்கும். அவரைக் கேக் வெட்டி வழியனுப்பியதே 'சரி' சொன்ன மேனேஜர்தான். ஆள் போய்விட்டார், லாகின் விசுவாசமாக இன்னும் பணியில் இருக்கிறது. அண்ணன் தலையிலடித்துக்கொண்டு அதை முடக்குவார்.

இவ்வளவு பேரை அலையவிடுபவருக்கும் ஒருநாள் வரும். நெட்ஆப்பை இயக்கும் ஒன்டாப் மென்பொருளின் 9.11.1 பதிப்பு 2022-இல் வந்தபோது கூடவே ஒரு வசதியும் வந்தது. அதைப் போட்டுவிட்டால், வால்யூமை அழிப்பது போன்ற காரியங்களுக்கு இன்னொரு அட்மினும் சம்மதிக்க வேண்டும். தன் கோரிக்கையைத் தானே அப்ரூவ் செய்துகொள்ள முடியாது. அந்த வசதியைப் போட்டவர் சாட்சாத் நம் அண்ணன். ராத்திரி இரண்டு மணிக்கு நைட் ஷிஃப்ட் ஜூனியரிடம் போனில், "தம்பி, கொஞ்சம் அப்ரூவ் பண்ணுப்பா" என்று குழைவார். அந்தப் பக்கம் தம்பி நிதானமாகக் கேட்பான்: "எதுக்குண்ணா?"

கோபம் வராது. தொழில் கற்றுக்கொண்டுவிட்டான் என்று பூரித்துப்போவார்.

அவரிடம் போக நேர்ந்தால் ஃபுல் ஆக்சஸ் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். எந்த ஃபோல்டர், எத்தனை நாளைக்கு, என்ன வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும், ரீட்-ஒன்லியாக.