முதல் வகுப்பும் ஜிப் பையும்

நெடுந்தூர இரவு விமானத்தில் முதல் வகுப்பு என்பது மூக்குப் பக்கம் ஒதுக்கப்பட்ட சில இருக்கைகள். எமிரேட்ஸின் இரட்டை மாடி ஏ380 விமானத்தில் அவை 14. மேல்தளத்தின் முன்புறம் இருக்கும். இழுத்துச் சாத்தக் கதவு உண்டு, இருக்கையை நீட்டினால் கட்டிலாகும். 14 பேருக்கும் சேர்த்து இரண்டு குளியலறை. 2008 முதல் இருக்கும் வசதி இது: ஆளுக்கு 5 நிமிடம் வெந்நீர் விழும், அப்புறம் நின்றுவிடும். 2014இல் எத்திஹாட் ஒரு படி மேலே போய், கூடம், படுக்கையறை, குளியலறையோடு ஒரு சிறு வீட்டையே விமானத்துக்குள் வைத்தது. தண்ணீரின் அருமை தெரிய சிவகாசிப் பக்கம் வர வேண்டும்: மழை குறைந்த காய்ந்த மண் என்பதால்தான் அங்கே பட்டாசுத் தொழில் வேர்பிடித்தது. குடம் கணக்கில் தண்ணீர் வாங்கிப் பழகிய, அந்தப் பக்கத்து நாரணாபுரத்துக்காரர் மேகத்துக்கு மேலே ஏறி வெந்நீரில் குளிப்பது பொறியியலின் சாதனை. இறங்கி வந்து அதை எத்தனை பேரிடம் சொல்வார் என்பதைத்தான் பொறியாளர்கள் யோசிக்கவில்லை.

நாரணாபுரத்திலிருந்து இந்த வகுப்பை நேராக அடைய முடியாது. மதுரையிலிருந்து 2012இல் கொழும்புக்கு விமானம் கிளம்பியது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று சேர்ந்தன. எதிலும் முதல் வகுப்பு கிடையாது. ஆகவே சென்னை போக வேண்டும். விமானத்தில் முதல் வகுப்பு ஏறப் போகிறவர் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பில், கழிப்பறைக்கு அடுத்த மேல் பெர்த்தில் போகிறார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ரயில் டிக்கெட் கைக்காசு. விமான டிக்கெட், மகன் கம்பெனி வேலையாகப் பறந்து பறந்து சேர்த்த பாயிண்ட்.

பெட்டி கட்டுவது அடுத்த கட்டம். ஊருக்குத் தொழில் மூன்று: பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. பட்டாசும் தீப்பெட்டியும் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழிலின் சரக்கு, விமான நிலைய வாசலோடு நின்றுவிடுகிறது. மிஞ்சுவது அச்சு. ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் வெளியிட்டு அடித்துத் தள்ளும் தினத்தாள் காலண்டர்தான் இந்த ஊரிலிருந்து சட்டப்படி பறக்கக்கூடிய ஒரே பொருள். நியூஜெர்சியில் எமகண்டம் பார்க்க ஆறு காலண்டர் போகும். அது இந்திய நேரப்படி அச்சடித்த எமகண்டம் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பயணம் என்று பார்த்தால், துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 14 மணி நேரம். நள்ளிரவு தாண்டி ஏறினால் விமானம் மேற்கே போகப் போக விடியலும் தள்ளிக்கொண்டே போகும். ஒரே இரவு ஜவ்வாக இழுக்கும். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. கொடைக்கானலே ஏறத்தாழ 7,000 அடிதான். குளிர்ச்சி வேண்டுமானால் கொடைக்கானல்போல இருக்கலாம், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், மூக்கு காயும், உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தமாகவே படும். பீங்கான் தட்டில் வந்தாலும் காகிதப் பெட்டியில் வந்தாலும் இதுதான் நிலை. திரைக்கு அந்தப் பக்கம் முதல் வகுப்பாருக்கென்று தனிக் காற்று கிடையாது.

அடுத்தது பை, அதாவது இருக்கையில் வைத்துக் கொடுக்கப்படும் ஜிப் பை. உள்ளே பல் பிரஷ், விரல் நீளப் பேஸ்ட், சீப்பு, ரேசர், களிம்பு, சென்ட், காதடைப்பான். சாக்ஸும் கண்மறைப்பும் கூடவே வரும். விமானத்தில் இது திறக்கப்படுவதில்லை. பல் துலக்கச் சொந்தப் பிரஷ் சட்டைப் பையில் இருக்கிறது. ஊர் வந்ததும் முதல் வருடம் பை பீரோவில், பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும். இரண்டாம் வருடம் சென்ட் தீர்ந்து, பை உத்தியோகத்துக்கு வருகிறது. முதலில் சர்க்கரை மாத்திரை. பிறகு ஆதார், ரேஷன் கார்டு, நகைக்கடன் ரசீது, கரண்ட் பில் அட்டை. வங்கிப் பாஸ்புக் மட்டும் பையைவிட அரை அங்குலம் அதிக நீளம்; ஜிப் மூடாது. பாஸ்புக்கை மடிக்க முடியாது, பையை விடவும் மனசு வராது. எனவே பாஸ்புக்கின் ஒரு மூலை நிரந்தரமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பை கக்கத்தில் ஏறி வங்கிக்குப் போகிறது. கவுண்டரில் விமான நிறுவனத்தின் பெயர் மேலே தெரிய வைக்கப்படுகிறது. காசாளர் கவனிக்கவில்லை என்றால் பை திருப்பி வைக்கப்படும். அப்படியும் கவனிக்காவிட்டால், "இது பிளேன்ல குடுத்தது" என்று கவுண்டரே அதிர அறிவிக்கப்படும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஏழு பேர். சாக்ஸுக்கு வேலை இல்லை. மார்கழியிலும் நாரணாபுரம் சாக்ஸ் கேட்காது. கண்மறைப்பு மத்தியானத் தூக்கத்துக்கு. காதடைப்பானுக்கு சித்திரைப் பொங்கலில் யோகம் வருகிறது: கோயில் ஒலிபெருக்கி தெருவுக்கு நான்கு, வீட்டில் காதடைப்பான் ஒரு ஜோடி. அதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்த வீடும் உண்டு. ஜிப் அறுந்த பிறகும் பை வீசப்படுவதில்லை; ரப்பர் பேண்ட் போடப்படுகிறது.

முதல் வகுப்பின் கடைசிக் கட்டமும் மிக நீண்ட கட்டமும் தரையில் நடப்பது: வர்ணனை. விமானம் 14 மணி நேரத்தில் இறங்கிவிடும். வர்ணனைக்கு அப்படி வரம்பு இல்லை. ஏற்ற இடம் கல்யாணப் பந்தி, ஏனென்றால் இலை போட்டபின் யாரும் எழுந்து போக முடியாது. போன முகூர்த்தத்தில்கூட இது அரங்கேறியது. சாம்பாரில் தொடங்கிய வர்ணனை ரசம் வந்தபோது குளியலறை வாசலில்தான் நின்றது. பக்கத்து இலைக்காரரின் அப்பளம், சொல்பவரின் முழங்கை இடித்து ரசத்தில் விழுந்து ஊறியது. அதற்கு மன்னிப்பும் இல்லை, மாற்று அப்பளமும் இல்லை. பாயசம் வந்தபோது வெந்நீர் இரண்டாம் நிமிடத்தில் இருந்தது.

"தண்ணி சூடு எப்படிங்கீக! நம்ம குற்றாலம் தோத்துச்சு!"

"குற்றாலத்துல எங்க அண்ணாச்சி வெந்நீர் விழுது?" என்று அப்பளம் பறிகொடுத்தவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கேட்பவரின் கடமைகள் சில உண்டு. "அப்படியா" என்பதை மூன்று விதமாகச் சொல்லத் தெரிய வேண்டும். இடையில் டிக்கெட் விலை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவரே கேட்டுக்கொள்வார். விலை சொன்னதும் அதற்கு எத்தனை பவுன் வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட வேண்டும். தனக்கு அப்படி ஒரு பயணம் வாய்த்தால் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கேட்பவர் அங்கேயே உறுதி எடுத்துக்கொள்வார். முதலில் யாரிடம் மூச்சு விடாமல் இருப்பது என்ற பட்டியலையும் அப்போதே தயார் செய்வார்.

படுக்கும்போது உடுத்தத் தரும் பைஜாமாவும் வீட்டுக்கு வருகிறது. அதன் அளவு வெள்ளைக்கார இடுப்பை நினைத்து வைத்தது. எலாஸ்டிக்கை உருவிவிட்டு நாடா கோர்க்க வேண்டும். தையற்காரர் இதற்கு முப்பது ரூபாய் கேட்கிறார். விமானத்தில் குடுத்தது என்று சொன்னால் ஐம்பது.