இறக்கை மேல் ஏதோ ஒன்று

1999இல் ‘தேர்ட் ராக் ஃப்ரம் த சன்’ தொடரில் வில்லியம் ஷாட்னர் விமானத்தை விட்டு இறங்கி வருகிறார். படுபயங்கரமான பயணமாம், ஜன்னல் வழியே பார்த்தால் இறக்கை மேல் ஏதோ ஒன்று இருந்ததாம். வரவேற்க வந்த ஜான் லித்கோ பதறுகிறார்: எனக்கும் அதேதான் நடந்தது!

பின்னால் சிரிப்பு அதிர்கிறது. ஏன்? 1963இல் ‘ட்வைலைட் ஸோன்’ தொடரில் இறக்கை மேல் பூதத்தைக் கண்டு அலறிய பயணி ஷாட்னர். 1983இல் அதே கதை சினிமாவானபோது அலறியவர் லித்கோ. ஆக, ஒரு வரி ஜோக்குக்கு 36 வருட பாடத்திட்டம். (ஐஏஎஸ் பரீட்சையே தேவலை.)

நான் சிரித்ததும் அக்கா “என்னடா?” என்றாள். விளக்க ஆரம்பித்தேன். 1983க்கு வருவதற்குள் சேனலை மாற்றிவிட்டாள்.